நாய்க்குக் கொடுக்கும் ஈரல் லஞ்சமா, கூலியா?

கும்பகோணத்தில் மன்னார்குடி பஸ் ஏறினால், நீடாமங்கலத்துக்கு முன்னாலேயே வலங்கைமான் வந்துவிடும். ஊர் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்லவே வேண்டாம். ரோட்டோரத்துப் பட்டாசுக் கடை போர்டுகளே சொல்லிவிடும். குடமுருட்டிக் கரையில் பாடைகட்டி மாரியம்மன், கடைத்தெருவில் வாணவெடி. இந்த இரண்டுக்கும் பேர் போன ஊர் அது. பங்குனியில் பாடைக்காவடி, ஐப்பசியில் தீபாவளி, நடுநடுவே சுற்றுவட்டாரக் கோயில் திருவிழா, கல்யாணம், சாவு... வெடிச் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் நாயாகப் பிறப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

முதல் சரம் வெடித்ததுமே, அதுவரை வாசலில் ராஜா மாதிரி படுத்திருந்த நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சில வீடுகளில் மாட்டுக்கொட்டகை, சில வீடுகளில் நெல் மூட்டை இடுக்கு. உடம்பு நடுங்கும், எச்சில் ஒழுகும், கூப்பிட்டால் வராது. வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளை பரிதாபப்பட்டு ஒரு துண்டு முட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் குனியும். உடனே திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: "அது பயந்துகிட்டு இருக்கறப்ப திங்கக் குடுக்காதே. பயந்தா தீனி கிடைக்கும்னு கத்துக்கும்!"

இதே குரல் மற்ற பதினோரு மாதமும் வேறு ஒன்றைச் சொல்லும்: "உக்காருன்னா உக்காரணும். அதுக்கு எதுக்கு ஈரலும் முட்டையும்? தீனி போட்டுப் பழக்கினா, நாளைக்குக் கையில தீனி இல்லேன்னா திரும்பிக்கூடப் பாக்காது. ஒரு போடு போட்டா கேட்டுட்டுப் போகுது."

இரண்டு உபதேசமும் தப்பு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற தப்பு. நாய் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பார்க்காமல், நாய் நம்மை எப்படி மதிக்க வேண்டும் என்று மட்டும் யோசிப்பதால் வருகிற தப்பு.

வலங்கைமான் திண்ணையில் மட்டும் நடக்கும் சண்டை இல்லை இது. உலகம் பூராவும் நாய் பழக்குகிறவர்கள் தீனிக் கட்சி, தீனி எதிர்ப்புக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நூறு வருடத்துக்கும் மேலாக அடித்துக்கொள்கிறார்கள். நம்மூர்த் தேர்தல் தோற்றது போங்கள் :-)

எதிர்ப்புக் கட்சியின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுவோம். நாய் நன்றியுள்ள ஜீவன். எஜமானுக்காக உயிரையே விடும். அப்படிப்பட்டதிடம் போய் "இந்தா பிஸ்கட், உட்காரு" என்று பேரம் பேசுவது, ஆபீஸில் ஃபைல் நகர மேஜைக்கு அடியில் பணம் நீட்டுவது மாதிரி. அது லஞ்சம். லஞ்சம் வாங்கிப் பழகியவன் லஞ்சம் இல்லாமல் வேலை செய்ய மாட்டான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கைதட்டல்கூட வாங்கலாம்.

ஆனால் கணக்குத் தெரிந்தவன் ஒரு கேள்வி கேட்பான். பணம் எப்போது கைமாறியது? வேலைக்கு முன்னாலா, பின்னாலா? செய்யக்கூடாததைச் செய்ய வைக்க முன்கூட்டிக் காட்டுவது லஞ்சம். செய்து முடித்த வேலைக்குக் கொடுப்பது கூலி. கொடுப்பது அதே பத்து ரூபாயாக இருக்கலாம், ஆனால் பேரேட்டில் இரண்டும் ஒரே தலைப்பில் வராது. நாற்று நட்டுவிட்டுக் கரையேறுகிறவருக்குச் சாயந்திரம் கூலி கொடுத்தால் அதை யாராவது லஞ்சம் என்பார்களா? "நிஜமான விசுவாசம் இருந்தால் சும்மா நட்டிருப்பாய்" என்று சொல்கிற பண்ணையாரை இந்த டெல்டா பார்க்காததா? அந்த வாதத்தின் லட்சணம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தீனிக் கட்சியிலும் தப்பாகச் செய்கிறவர்கள் நிறைய உண்டு. பிஸ்கட்டைக் கையில் காட்டி, நாயின் மூக்குக்கு நேரே ஆட்டி, "உட்காரு, உட்காரு, உட்காரு" என்று ஏழு தடவை கெஞ்சி, கடைசியில் அது உட்கார்ந்ததும் கொடுப்பார்கள். இதையே ஆறு மாசம் செய்வார்கள். அது லஞ்சம்தான், சந்தேகமில்லை. அந்த நாய் கற்றுக்கொண்டது உட்காருவதை அல்ல, பிஸ்கட்டைப் பின்தொடர்வதை. பிஸ்கட் இல்லாத கையை அது ஏன் மதிக்க வேண்டும்? "தீனி இல்லாவிட்டால் கேட்காது" என்கிற குற்றச்சாட்டு பிறந்ததே இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

சரியான முறை இதற்கு நேர் எதிர். முதல் மூன்று நான்கு தடவை தீனியை மூக்கருகே வைத்து மேலே நகர்த்தினால், நாய் தலையைத் தூக்கும், பின்பாகம் தானாகத் தரையில் படும். ஐந்தாவது தடவை அதே கை அசைவு, ஆனால் கை காலி. உட்கார்ந்தால் உடனே சட்டைப் பையிலிருந்தோ அலமாரியிலிருந்தோ ஒரு துண்டு. உடனே என்றால் உடனே, ஒரு நொடிக்குள். நாய் எழுந்து வந்தபிறகு கொடுத்தால் எழுந்து வந்ததற்குத்தான் கூலி கொடுத்ததாகும். அடுத்த கட்டத்தில், ஒவ்வொரு தடவையும் கொடுப்பதில்லை. மூன்று தடவைக்கு ஒன்று, அப்புறம் ஒன்றுக்கு இரண்டு, அப்புறம் ஐந்துக்கு ஒன்று என்று ஒழுங்கில்லாமல். எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் நாய் இன்னும் ஆசையாகச் செய்யும். நம்பிக்கை வராதவர்கள் 2003க்கு முன்னால் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக் கடை வாசலில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கலாம். தினமும் பரிசு விழுந்தா அவர்கள் சீட்டு வாங்கினார்கள்? எப்போதோ விழுமே என்றுதான் வாங்கினார்கள். அதே விஷயம்தான் இங்கேயும். பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்.

இந்த அடி, சங்கிலி மரபு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1910இல் ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி நாய்ப் பயிற்சிக்கு ஒரு புத்தகம் எழுதினார். கட்டாயப்படுத்துவதுதான் அதன் முதுகெலும்பு. போலீஸுக்கும் ராணுவத்துக்கும் நாய் பழக்கியவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1962இல் அமெரிக்காவில் வில்லியம் கோஹ்லர் எழுதிய புத்தகம் அதையே வீட்டு நாய்க்குக் கொண்டுவந்தது. கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதுதான் அங்கே வாத்தியார். தீனிக்கு இடமில்லை.

இதே காலத்தில் வேறு ஒரு கூட்டமும் வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் மேரியன் பிரெலண்டும் 1940களில் ஒரு கம்பெனியே ஆரம்பித்து, கோழி, வாத்து, பன்றி என்று கண்டதையும் விளம்பரத்துக்கும் காட்சிக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். கோழிக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியுமா? தானியம்தான் ஒரே வழி. பிறகு டால்பின். கரென் பிரையர் ஹவாய்த் தீவில் டால்பின் பழக்கியவர். தண்ணீருக்குள் இருக்கும் ஒரு பிராணியைக் கட்டிப்போடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் குளத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும். ஒரு விசில், ஒரு மீன். இவ்வளவுதான் கையில் இருந்த ஆயுதம். அதை வைத்தே டால்பினைக் காற்றில் குதிக்க வைத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர் 1984இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் இந்த முறை நாய் வளர்ப்பவர்களிடம் பரவலாகப் போனது. சங்கிலி போட முடியாத மிருகத்தை மீன் கொடுத்துப் பழக்க முடிகிறது என்றால், சங்கிலி போட முடிகிற மிருகத்துக்கு மட்டும் சங்கிலி ஏன் கட்டாயம்? இந்தக் கேள்விக்கு எதிர்ப்புக் கட்சி நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர்கள் சொல்லும் அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "தீனி எதற்கு, பாராட்டினால் போதாதா? தட்டிக் கொடுத்தால் போதாதா?" இதற்கு ஆதாரமும் உண்டு. 2016இல் அமெரிக்காவில் கிரெகரி பெர்ன்ஸ் குழு 15 நாய்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி மூளையைப் பார்த்தது. பெரும்பாலான நாய்களுக்கு எஜமானின் பாராட்டும் உணவும் ஏறக்குறைய சமம். சிலவற்றுக்குப் பாராட்டே மேல். நம் நாட்டிலேயே கொல்கத்தா ஐசர் ஆராய்ச்சியாளர்கள் 2017இல் தெருநாய்களிடம் செய்த பரிசோதனையில், முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக் கொடுத்தவரிடம் நாய்கள் அதிக நம்பிக்கையோடு நெருங்கின. படித்தால் நெஞ்சு கனக்கிற ஆராய்ச்சி. கல்லடி பட்டே வளரும் தெருநாய்க்கு ஒரு கை தலையைத் தடவுவது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் நம்பிக்கை வேறு, பாடம் வேறு. வாத்தியாரைப் பிடிப்பதாலேயே கணக்கு வந்துவிடாது. 2012இல் எரிக்கா ஃபியூர்பாக்கரும் கிளைவ் வின்னும் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. கையை மூக்கால் தொட வேண்டும், அவ்வளவு சின்ன வேலை. அதற்குச் சில நொடி தடவலும் பேச்சும் கூலியாகக் கிடைத்தபோது நாய்கள் சீக்கிரம் சலித்துக்கொண்டன. ஒரு துண்டு உணவு கிடைத்தபோது விடாமல் செய்தன. வீட்டு நாய்க்கும் அதேதான், காப்பக நாய்க்கும் அதேதான். அதே இருவரின் பின்னாளைய ஆராய்ச்சியில், தடவலோடு ஒப்பிட்டால் வெறும் வாய்ப் பாராட்டுக்கு நாய்களிடம் மதிப்பே இல்லை என்று தெரிந்தது. வலங்கைமான்காரர்களுக்கு இதை ஏற்பது கஷ்டமாக இருக்கலாம். வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்த ஊர் அது. ஆனால் சாஸ்திரியே வந்து ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பாராட்டினாலும் நாய் கொட்டாவிதான் விடும். தினமும் தீனியோடு சேர்த்துச் சொன்னால் மட்டும்தான் "சபாஷ்" என்ற சொல்லுக்கு நாயிடம் விலை வரும். பின்னால் கஜானாவில் தங்கம் இருந்தால்தானே நோட்டுக்கு மதிப்பு.

இனி அடிக்கு வருவோம். "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பது நம் ஊர் வேதவாக்கு. பிள்ளைகளிடம் அதைச் சொல்வதை ஒருவழியாகக் குறைத்துவிட்டோம், நாயிடம் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அடி உதவுகிறதா? 2004இல் இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். பரிசு கொடுத்துப் பழக்கியவர்களின் நாய்கள்தான் அதிகம் சொன்ன பேச்சைக் கேட்டன. தண்டனை அதிகம் கொடுத்த வீடுகளில் தொல்லைகள்தான் அதிகம். 2020இல் போர்ச்சுகலில் 92 நாய்களைப் பார்த்தார்கள். தண்டனை முறைப் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பிறகு உமிழ்நீரில் கார்டிசால் ஏறியிருந்தது. பயிற்சி இல்லாத நேரத்தில்கூட அவை அவநம்பிக்கையோடு நடந்துகொண்டன. கிண்ணத்தில் ஒன்றும் இருக்காது என்று நினைத்து மெதுவாகப் போனவை அவைதான். 2009இல் மெகன் ஹெரன் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. நாயை அடித்த, உதைத்த எஜமானர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது.

நாய்க்காக மட்டும் பரிதாபப்பட்டுப் பேசுகிற பேச்சு இல்லை இது. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸில் 43 பேர் செத்தார்கள். தெருநாய்க் கடி மட்டும் அல்ல, வீட்டு நாய் கடித்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். நாய் கடிப்பதற்கு முன்னால் உறுமும். அது அதன் எச்சரிக்கை மணி. உறுமியதற்காக அடித்தால் அடுத்த தடவை உறுமாது. "பாத்தியா, அடங்கிடுச்சு" என்று மீசையை முறுக்கலாம். அடங்கியது மணிதான், மாடு இல்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, சத்தம்தான் இல்லை. அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போகும்போது, முன்னறிவிப்பே இல்லாமல் கடி விழும். கையில் தடி வைத்திருப்பவர் பெரியவர். கடிபடுவது சின்னப்பிள்ளை. இந்தக் கணக்கு யாருக்கும் உறைப்பதில்லை.

நாயை அடிப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு டீ, இரண்டு வடை விலை. சட்டத்தை நம்பி எந்த நாயும் நிம்மதியாகத் தூங்காது.

"தலைவன் யார் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்" என்பார்கள். டி.வி.யில் 2004இலிருந்து 2012வரை சீசர் மில்லன் காட்டிய வித்தைகளுக்குப் பிறகு இங்கேயும் பலர் இதைச் சொல்லத் தொடங்கினார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவர்களை அடக்கி ஆள்வான் என்பது இதன் அடிப்படை. அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை 1940களில் ஒரு மிருகக்காட்சிசாலையில் பார்த்து எழுதியது அது. டேவிட் மெக் 1970இல் தன் புத்தகத்தில் இதைப் பரப்பினார். பிறகு காட்டு ஓநாய்களைப் பல வருடம் பார்த்துவிட்டு, 1999இல் அவரே "தப்பு, காட்டில் அது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட சாதாரணக் குடும்பம்" என்று திருத்தி எழுதினார். சொன்னவர் வாபஸ் வாங்கிவிட்டார். கேட்டவர்கள் வாங்கவில்லை.

சரி, "நாட்டு நாய்க்கு இதெல்லாம் எடுபடாது" என்று இன்னொரு கோஷ்டி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கு வளர்ந்த சாதிகள், பிஸ்கட்டுக்கு மசியாது என்கிறார்கள். 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது, 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்தச் சாதிகளின் பெயரைச் சொன்னார், அப்புறம் குட்டி வாங்குவது ஒரு பெருமையாகிவிட்டது. வாங்கியவர்களில் பலர் பழக்கத் தெரியாமல் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு "முரட்டு சாதி" என்று பட்டம் கட்டுகிறார்கள். ஓடுகிற முயலைப் பார்த்த சிப்பிப்பாறை ஈரலைத் திரும்பிப் பார்க்காது என்பது உண்மைதான். அதற்கு அர்த்தம் கூலி கூடாது என்பதல்ல, அந்த இடத்தில் ஈரல் சின்னக் கூலி என்பது. கயிற்றில் கட்டிய கந்தல் துணியைத் துரத்த விடுங்கள், அதுதான் அதற்குக் கூலி. இந்திய ராணுவம் 2016இல் முதோல் நாய்களை மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்கியது. அதுவும் நாட்டு நாய்தான், வேட்டைச் சாதிதான்.

அறுவடை முடிந்த வயலில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகளின் நாய்களைக் காட்டி, "அதுக்கு யாரு ஈரல் குடுத்தா?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்வி. அந்த நாய் ராத்திரி பகல் மனிதனோடேயே இருக்கிறது, அவன் குடிக்கிற கஞ்சியில் பங்கு அதற்கும் வருகிறது, ஆட்டைச் சுற்றி ஓடுவதே அதற்குப் பிடித்த வேலை. மூன்று கூலி ஒரே நேரத்தில் கிடைக்கிறது. இரண்டடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கிடக்கும் காவல் நாய்க்கு இதில் எது இருக்கிறது?

காவல் நாய் என்றதும் கட்டாயம் வருகிற பயம் ஒன்று. தீனிக்குப் பழகிய நாய், திருடன் வீசுகிற விஷக்கறியையும் தின்றுவிடாதா? தின்னும், யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காமல் இருந்தால். பசித்த நாய் பழக்கினாலும் பழக்காவிட்டாலும் கறியைத் தின்னும். கீழே கிடப்பதைத் தொடாதே, வேறு கையிலிருந்து வாங்காதே என்று சொல்லிக்கொடுப்பதற்கும் தீனிதான் வழி. கீழே கிடப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தால், அதைவிட நல்ல துண்டு எஜமான் கையிலிருந்து வரும். இந்தப் பயம் உலகத்தில் யாருக்காவது அதிகம் இருக்க வேண்டும் என்றால், பார்வையில்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிறவர்களுக்குத்தான். ஓட்டல் மேஜைக்கு அடியில் விழுந்த எலும்புக்காக நாய் இழுத்தால் மனிதன் விழுந்துவிடுவான். அதனாலேயே பல காலம் அங்கே தீனிக்குத் தடை இருந்தது. அமெரிக்காவின் பெரிய வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் ஒன்று 2000களில் அந்தத் தடையை உடைத்துத் தீனி முறைக்கு மாறியது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அமெரிக்காவில் வெடிபொருள் மோப்பம் பிடிக்கும் ஏ.டி.எஃப். நாய்களைப் பழக்குவதும் உணவு கொடுத்துத்தான். அங்கே வெடிமருந்து வாசனை வந்தால் சாப்பாடு வரும் என்று நாய் வாலாட்டுகிறது.

வலங்கைமானில் அதே வாசனை வந்தால் கட்டிலுக்கடியில் ஓடுகிறது. ஆகவே மறுபடி கட்டிலுக்கடிக்குப் போவோம்.

"பயந்தபோது தின்னக் கொடுத்தால் பயம் கூடும்" என்பதில்தான் திண்ணைக் குரல் பெரிதாகச் சறுக்குகிறது. உட்காருவது நாய் செய்கிற வேலை. அதற்குக் கூலி கொடுத்தால் அதிகம் செய்யும். பயம் வேலை அல்ல. அதை யாரும் கூலிக்குச் செய்வதில்லை. வெடிக்கடையில் சத்தம் கேட்டு அழுகிற குழந்தைக்கு முறுக்கைக் கொடுத்தால், அடுத்த தடவை முறுக்குக்காக அது இன்னும் நிஜமாகப் பயப்படுமா? அழுது காட்டலாம். நடுங்க முடியாது.

இங்கே வேலை செய்வது ஸ்கின்னர் அல்ல, பாவ்லோவ். ரஷ்யாவில் அவருடைய நாய்களுக்கு ஒரு சத்தத்தைத் தொடர்ந்து உணவு வந்துகொண்டே இருந்ததில், சத்தத்துக்கே எச்சில் ஊறியது. சத்தத்தின் அர்த்தம் மாறிவிட்டது. "டமார்" என்றால் ஆபத்து என்று இருப்பதை, "டமார்" என்றால் ஈரல் என்று மாற்றுவதுதான் செய்ய வேண்டியது. ஸ்விட்சர்லாந்தில் ஸ்டெஃபனி ரீமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் வெடிப் பயத்துக்கு எது உதவியது என்று கேட்டிருந்தார். வெடித்தவுடன் தீனி கொடுத்தவர்கள், விளையாட்டுக் காட்டியவர்கள், இவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். பட்டியலில் முன்வரிசையில் வந்தவற்றில் இதுவும் ஒன்று.

வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் சத்தம், அடுத்த நொடியில் தீனி. முதலில் தீனி, அப்புறம் சத்தம் என்று போனால், தீனியைப் பார்த்தாலே வெடி வரப்போகிறது என்று நாய் பயப்பட ஆரம்பிக்கும். தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறதா? பயம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். இன்னும் தூரமாக, இன்னும் மெல்லிய சத்தத்தில் தொடங்க வேண்டும். வாயில் நுரை தள்ளுகிற, சுவரைப் பிறாண்டுகிற அளவு பயம் என்றால் தீனி மட்டும் போதாது, மருந்து தேவைப்படும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, வெகுதூரம் இல்லை.

தீனிக்குப் பணக்காரனாக இருக்க வேண்டும் என்பதும் வெறும் பேச்சு. கடையில் விற்கிற நாய் பிஸ்கட் பாக்கெட் யாருக்கும் தேவையில்லை. ஆட்டு ஈரல் வாங்க முடியாவிட்டால் கோழி ஈரல், அதுவும் இல்லாவிட்டால் அவித்த முட்டை. ஒரு துண்டு என்றால் கொண்டைக்கடலை அளவு, அதற்கு மேல் வேண்டாம். ஒரு முட்டையில் ஐம்பது கூலி கொடுக்கலாம். அதற்குத் தக்கபடி ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி குறைத்துக்கொண்டால் நாய் பெருக்காது. கருவாடு என்றால் உப்புப் போகக் கழுவ வேண்டும். சாதாரண வேலைக்குச் சோற்று உருண்டையே போதும். நெல் விளைகிற ஊரில் நாயும் சோறு செரிக்கப் பழகியதுதான். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு அதிகம் என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் காட்டினார்கள். ஆனால் கோயில் சர்க்கரைப் பொங்கலைப் பாசத்தோடு ஊட்டிவிடக் கூடாது. அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். வெங்காயமும் ஆகாது.

தீபாவளி அன்று காலையில் எழுந்து இதையெல்லாம் தொடங்கினால் ஒன்றும் நடக்காது. ஆடி மாசமே ஆரம்பிக்க வேண்டும். போனில் வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவு வைத்து, ஒரு சத்தம், ஒரு துண்டு. நாலு நாளைக்கு ஒரு தடவை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்த பிறகு, தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் அறிவிக்கிறார்கள். வலங்கைமானில் அந்தக் கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரமாவது ஜன்னலை மூடி, ஃபேனை வேகமாக வைத்து, கதவைத் தாழிட்டு, கையில் முட்டையோடு ஒரு ஆள் நாயின் பக்கத்தில் உட்காரலாம். அந்தச் சின்னப் பிள்ளையையே உட்கார வைக்கலாம், அதற்குத்தான் பொறுமை அதிகம். திண்ணைக் குரல் மறுபடி ஏதாவது சொன்னால், அதற்கும் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டால் போகிறது.